வள்ளி கும்மிக்கு எல்லாப் பிள்ளைகளும் வரட்டும்

1/
"இந்தக் காலத்துப் பசங்களுக்கு நம்ம பாரம்பரியக் கலை மேல அக்கறையே இல்லை." சேலம், நாமக்கல் பக்கம் எந்த ஊர் நோம்பிக்குப் போனாலும் மைக் பிடிச்சு இதைச் சொல்ல ஒருத்தர் இருப்பார். நான் ஒத்துக்க மாட்டேன். பசங்க வர மாட்டேன்னு சொல்லல. அவங்க வர்ற வழியை நாமதான் அடைச்சு வெச்சிருக்கோம். வள்ளி கும்மியை வெச்சே இதைப் பேசலாம். இழை கொஞ்சம் நீளம். முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

2/
வெளியூர்க்காரங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். வள்ளி கும்மி கொங்கு வட்டாரத்து ஆட்டம். முருகன் வள்ளியைக் கல்யாணம் பண்ணின கதையை வாத்தியார் பாட்டாப் பாடுவார். ஆடறவங்க வட்டமா நின்னு, கை தட்டி, அடி எடுத்து வெச்சு, குனிஞ்சு நிமிர்ந்து சுத்தி வருவாங்க. பாட்டு வேகம் பிடிக்கப் பிடிக்க வட்டமும் வேகம் பிடிக்கும். ஊர்ல பல நாள் சாயங்காலம் பயிற்சி நடக்கும். அப்புறம் கோயில் முன்னாடி அரங்கேற்றம்.

3/
ஒரு காலத்துல இதை ஆம்பளைங்கதான் ஆடினாங்க. கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயா அந்த வழக்கத்தை மீறி பெண்களுக்குக் கத்துக்கொடுத்தார். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சப்ப வயசு 87. இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. இன்னைக்கு நாம "பாரம்பரியம்"னு கொண்டாடற இந்தக் கலை பிழைச்சு நிக்கிறதுக்குக் காரணம், "இவங்க ஆடக் கூடாது"ங்கிற பழைய வழக்கத்தை ஒருத்தர் மாத்தினதுதான்.

4/
இன்னைக்கு எந்தக் கும்மி மைதானத்துக்குப் போனாலும் பெண்கள்தான் அதிகம். வீடு, தோட்டம், பட்டறைன்னு இருந்த அம்மாக்கள் ஒரே நிறப் புடவை கட்டி, பேத்தி வயசுப் பிள்ளைங்களோட ஒரே வரிசையில ஆடறாங்க. இது சாதாரண விஷயம் இல்லை. ஊர் ஊராப் போய்க் கத்துக்கொடுக்கிற வாத்தியார்களுக்கு இந்தச் சமூகம் நிஜமாவே கடன்பட்டிருக்கு. இதைச் சொல்லிட்டுத்தான் என் சண்டையை ஆரம்பிக்கிறேன்.

5/
முதல்ல டாக்டரா ரெண்டு வார்த்தை. 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் ஒரு பிள்ளை தினமும் சராசரியா 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெரியவங்களுக்கு வாரம் குறைஞ்சது 150 நிமிஷம். எலும்புக்குப் பலம் தர்ற, தரையை மிதிக்கிற மாதிரி அசைவுகள் பிள்ளைங்களுக்கு வாரம் 3 நாளாவது வேணும். நம்ம எலும்போட உறுதியில பெரும்பங்கு 20 வயசுக்குள்ள சேர்ந்துடும். அப்புறம் மாத்திரை போட்டு அந்த வயசைத் திருப்பி வாங்க முடியாது.

6/
உடம்பு போதுமான அளவு உழைக்குதான்னு தெரிஞ்சுக்க எளிமையான சோதனை ஒண்ணு இருக்கு. அசையும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது. கும்மி வேகம் பிடிக்கிற நேரத்துல வட்டத்துல நின்னு நீங்களே சோதிச்சுப் பாருங்க. ஜிம் ஃபீஸ் கிடையாது, மிஷின் கிடையாது. தரையும் பாட்டும் பத்துப் பேரும் இருந்தா போதும். வயசுக்கும் உடம்புக்கும் தகுந்த மாதிரி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

7/
இந்த நாட்டுல சர்க்கரை நோயாளிங்க 10 கோடிக்கு மேலன்னு ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொல்லிடுச்சு. அவங்க எல்லாரும் ஒரு காலத்துல ஸ்கூல் பசங்கதான். பதினஞ்சு வயசுல உடம்பை அசைக்கப் பழகாத பிள்ளை நாப்பது வயசுல நான் சீட்டுல "தினமும் நடங்க"ன்னு எழுதினதும் நடந்துடுமா? பழக்கம் சின்ன வயசுலயே, சந்தோஷமா, நாலு பேரோட சேர்ந்து வரணும். அதுக்குக் கும்மியை விட நல்ல மருந்து என் கைவசம் இல்லை.

8/
சரி, அப்புறம் ஏன் எல்லாப் பிள்ளைங்களும் ஆடறதில்லை? ரீல்ஸா? செல்போனா? இதே பசங்க கல்யாண வீட்டுல டிஜே போட்டா வேர்க்க விறுவிறுக்க ஆடறாங்க. சாமி ஊர்வலத்துல பறைச் சத்தம் கேட்டா கால் தானா ஆடுது. ஆட்டம் பிடிக்காத தலைமுறைன்னு இவங்களைச் சொல்றது அநியாயம். ஆடறதுக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை, பல பேருக்கு அனுமதியும் இல்லை. மூணையும் வரிசையாப் பாப்போம்.

9/
முதல்ல நேரம். நாமக்கல்னு சொன்னா தமிழ்நாட்டுக்கே லாரி, முட்டை, அப்புறம் ஹாஸ்டல் ஸ்கூல் ஞாபகம் வரும். "பிராய்லர் பள்ளி"ங்கிற பேரை யாரு வெச்சாங்கன்னு தெரியாது, ஆனா பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க. ப்ளஸ் டூ மார்க்ல ஆரம்பிச்சது, 2017-க்கு அப்புறம் நீட்னு மாறிச்சு. விடியக்காலைல ஸ்டடி, ராத்திரி ஸ்டடி, நடுவுல டெஸ்ட். பி.டி. பீரியட் டைம்டேபிள்ல இருக்கும், மைதானத்துல இருக்காது. கணக்கு வாத்தியார் "கடன்" வாங்கிக்குவார். அந்தக் கடன் இதுவரைக்கும் திரும்பி வந்ததா சரித்திரமே இல்லை.

10/
டாக்டர் ஆகறதுக்காக அடைச்சு வெச்ச பிள்ளைங்களை நான் டாக்டரா இருந்து பாக்கறேன். கழுத்து வலி, தலைவலி, தூக்கம் இல்லை, மாதவிடாய் ஒழுங்கில்லை, எடை ஏறுது, படபடப்பு. ஸ்கேன் எடுக்கணுமான்னு பெத்தவங்க கேக்கறாங்க. பல பேருக்கு முதல்ல வேண்டியது வெயிலும் விளையாட்டும்தான். இந்தப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல இருக்கும்போது ஊர்ல கும்மிப் பயிற்சி நடந்து முடிஞ்சுடும். அப்புறம் நோம்பிக்கு லீவுல வந்து நின்னா "உனக்கு ஆர்வமே இல்லை"ன்னு மைக்ல திட்டு.

11/
ரெண்டாவது, இடமும் அனுமதியும். இனிமேதான் பல பேருக்குக் கோபம் வரும். வரட்டும். கும்மி மேடையில சின்னப் பொண்ணுங்களை நிக்க வெச்சு, "சொந்த சாதியிலதான் கல்யாணம் பண்ணிக்குவேன்"னு உறுதிமொழி எடுக்க வைக்கிற வீடியோக்கள் சுத்தினதை நீங்களும் பாத்திருப்பீங்க. எல்லாக் குழுவும் இப்படி இல்லை. நல்லாத் தெரியும். ஆனா சில மேடையில நடக்குது, சுத்தி நிக்கிற பெரியவங்க கை தட்டறாங்க. அந்தக் கைத்தட்டலுக்குப் பேரு கும்மி இல்லைங்க.

12/
எந்தக் கதைக்கு ஆடறோம்னாவது யோசிக்க வேண்டாமா? வள்ளி யாரு? வேடர் தலைவன் நம்பிராஜன் வளர்த்த பொண்ணு. தினைப்புனம் காத்தவ. முருகன் யாரு? அந்த ஊரும் இல்லை, அந்தக் குலமும் இல்லை. வேடனா வந்தான், வேங்கை மரமா நின்னான், கிழவனா வந்து தினைமாவு கேட்டான். அண்ணன் பிள்ளையார் யானையா வந்து தம்பி காதலுக்கு உதவினார். அப்பனுக்குத் தெரியாமத்தான் ரெண்டு பேரும் கிளம்பினாங்க. நம்பிராஜன் ஆயுதத்தோட துரத்திட்டு வந்தான்.

13/
கடைசில என்ன ஆச்சு? அப்பன் மனசு மாறி ஊரறியக் கல்யாணம் பண்ணி வெச்சான். வருஷா வருஷம் நாம ஆடறதே அந்தக் கல்யாணத்தைத்தான். பொண்ணு தானே ஒருத்தனைப் பிடிச்சு, தானே முடிவெடுத்து, குலம் தாண்டிப் போன கதைக்கு ராத்திரி முழுக்க ஆடிட்டு, ஆட்டம் முடிஞ்சதும் "நான் அப்படிப் போக மாட்டேன்"னு சத்தியம் வாங்கறது வள்ளிக்குப் பண்ற மரியாதையா? வாசல்ல நின்னு சாதி கேட்டா வள்ளியே உள்ள வர முடியாதுங்களே!

14/
"அது சும்மா ஒரு உறுதிமொழி டாக்டர், இதுல என்ன ஆகப்போகுது?" நம்ம மாவட்டத்துல உக்காந்துட்டு இப்படிக் கேக்கக் கூடாது. 2015 ஜூன் மாசம், ஓமலூரைச் சேர்ந்த இன்ஜினீயரிங் முடிச்ச பையன் கோகுல்ராஜ், வேற சாதித் தோழியோட திருச்செங்கோடு கோயிலுக்குப் போனான். அங்கிருந்து கடத்தினாங்க. அடுத்த நாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்துல உடல் கிடைச்சுது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

15/
திருச்செங்கோட்டு மலையில யார் இருக்காங்க? பாதி ஆண், பாதி பெண்ணா நிக்கிற அர்த்தநாரீஸ்வரர். அதே மலையில செங்கோட்டு வேலவர், அதாவது வள்ளியைக் கல்யாணம் பண்ணின அதே முருகன். அந்த மலைக்குச் சாமி கும்பிடப் போன ஒரு பையன் உயிரோட வீடு திரும்பல. அந்த மலை தெரியற மைதானங்கள்ல நின்னு பிள்ளைங்ககிட்ட சாதிச் சத்தியம் வாங்கறது "சும்மா" இல்லைங்க.

16/
இன்னொரு பக்கமும் இருக்கு, அதை நாங்க எமர்ஜென்சியில பாக்கறோம். காதல் விஷயம் வீட்டுல தெரிஞ்சுடுச்சு, அப்பா என்ன பண்ணுவாரோங்கிற பயத்துல விபரீத முடிவெடுத்துட்டு வர்ற பொண்ணுங்க, பசங்க. பன்னெண்டு வயசுல மேடையில ஊர் முன்னாடி சத்தியம் பண்ணின பிள்ளை பத்தொன்பது வயசுல ஒரு சிக்கல்னா யார்கிட்ட போய்ப் பேசும்? அம்மாகிட்டயா? அம்மாவும் பக்கத்துல நின்னுதானே சத்தியம் பண்ணினாங்க! (இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஒரு நிலைமைன்னா 104 அல்லது 14416-க்குக் கூப்பிடுங்க. பேசுங்க. வழி இருக்கு.)

17/
சட்டமும் தெளிவா இருக்கு. வயது வந்த ரெண்டு பேர் விரும்பிக் கல்யாணம் பண்ணிக்கிறதுல சாதிக் கூட்டமோ பஞ்சாயத்தோ தலையிட முடியாதுன்னு சக்தி வாகினி வழக்குல 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அந்த உரிமை இந்தப் பிள்ளைங்களுக்கும் உண்டு. அது என்னன்னே தெரியாத வயசுல அதை எழுதி வாங்கிக்கிறது எந்த ஊர் நியாயம்?

18/
"எங்க சனம் காசு போடறோம், எங்க மண்டபத்துல நடக்குது, எங்க கலையை நாங்க காப்பாத்தறோம், உங்களுக்கு என்ன?" இதுவும் வரும். மண்டபம் உங்களுது. பந்தல் உங்களுது. மைக்செட் உங்களுது. ஒத்துக்கறேன். முருகன் யாருது? வள்ளி யாருது? ஊர்த் திருவிழாவுல சாமி முன்னாடி பறை அடிச்சுட்டுப் போற வீட்டுப் பொண்ணும் இந்த ஊர்ப் பொண்ணுதானே? அவ தாளத்துக்குச் சாமி ஊர்வலம் வரலாம், அவ மட்டும் வட்டத்துக்குள்ள வரக் கூடாதா?

19/
அந்தப் பொண்ணு கும்மிக்கு வரலைன்னா அதுக்குப் பேரு "ஆர்வமின்மை" இல்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போகாம இருக்கிற மானம். நெசவு வீட்டுப் பையன், பட்டறைக்கு வேலைக்கு வந்த குடும்பத்துப் பொண்ணு, கோழிப்பண்ணையில தங்கி வேலை பாக்கிற வடநாட்டுக்காரங்க பிள்ளை, எல்லாரும் ஒரே அரசுப் பள்ளியில ஒரே பெஞ்சுல உக்காந்திருக்காங்க. சாயங்காலம் கும்மிப் பயிற்சிக்குப் போறது மட்டும் அந்த பெஞ்சுல பாதிப் பேர். மீதிப் பாதி வேடிக்கை பாக்குது.

20/
மூணாவது, கூட்டக் கணக்கு. ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர், சாதனைச் சான்றிதழ். ட்ரோன்ல பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா மேடையில தலைவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் பட்டுப்புடவையில, வெறும் வயித்துல, வெயில்ல காத்திருக்கிற பிள்ளைங்களை யாராவது கணக்கெடுத்தீங்களா? தமிழ்நாட்டுல 15-லிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. அந்த வெயில்ல பொண்ணுங்க மயங்கி விழுந்தா அதுக்கு "திருஷ்டி"ன்னு பேர் வைக்காதீங்க.

21/
இந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் ஓட்டுப் பேரம் நடக்குது. பிள்ளைங்க ஆடறது சாமிக்கா, ஊருக்கா, இல்ல யாரோ ஒருத்தரோட பலத்தைக் காட்டவான்னு பிள்ளைங்களுக்கே புரிஞ்சுடுது. ரெண்டு வருஷம் வருவாங்க. மூணாவது வருஷம் "படிக்கணும்"னு சொல்லி நழுவிடுவாங்க. இளைஞர்களுக்கு மூளை இருக்குங்க.

22/
குறை சொல்லிட்டு ஓடற ஆள் இல்லை நான். வேற ஊர்ல இது எப்படி நடக்குதுன்னு பாக்கலாம். ஸ்காட்லாந்துல அவங்க நாட்டுப்புற ஆட்டம் அழிஞ்சுடுமோங்கிற கவலையில 1923-ல் கிளாஸ்கோ நகரத்துல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்ச ரெண்டு பெண்கள்ல ஒருத்தர் ஜீன் மில்லிகன். யாரு தெரியுமா? உடற்பயிற்சி ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்தவர். இன்னைக்கும் அங்க நிறைய பள்ளிகள்ல கிறிஸ்துமஸுக்கு முன்னாடி பி.டி. பீரியட்லயே அந்த ஆட்டங்களைச் சொல்லிக் கொடுக்கறாங்க. வகுப்புல இருக்கிற எல்லாப் பிள்ளைங்களுக்கும்தான்.

23/
அங்க "கேலி"ன்னு ஒரு ஆட்டக் கூடுகை இருக்கு (நம்ம கேலி-கிண்டல் இல்லைங்க, அவங்க ஊர்ப் பேரே அதான்). ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி ஒருத்தர் மைக்ல அடியைச் சொல்லிக் காட்டுவார். அன்னைக்குத்தான் முதல் தடவை வந்தவங்களும் உடனே சேர்ந்து ஆடலாம். தப்பா ஆடினா சிரிச்சுட்டு அடுத்த சுத்துல பிடிச்சுக்கலாம். பல ஆட்டங்கள்ல ஜோடி மாறிக்கிட்டே போகும். அறையில இருக்கிற முக்கால்வாசிப் பேரோட கை கோத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவீங்க. நம்மகிட்ட வாத்தியார் ஏற்கெனவே மைக்கோட நிக்கிறார். "வாங்க, யார் வேணும்னாலும் வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

24/
அதனால நான் கேக்கறது இதுதான்.
ஒண்ணு: பயிற்சியை அரசுப் பள்ளி மைதானத்துல நடத்துங்க. அங்க யாரும் வாசல்ல நின்னு "நீ யார் வீட்டுப் பிள்ளை"ன்னு கேக்க முடியாது.
ரெண்டு: மேடையில எந்தச் சத்தியமும் வேண்டாம். ஆட்டம் முடிஞ்சா தண்ணி குடுங்க, சுண்டல் குடுங்க, வீட்டுக்கு அனுப்புங்க.
மூணு: ஒவ்வொரு அரங்கேற்றத்துலயும் கடைசி அரை மணி நேரம் பாக்க வந்தவங்களுக்குத் திறந்து விடுங்க. புடவை கட்டாயம் இல்லை, பயிற்சி கட்டாயம் இல்லை.

25/
நாலு: ஆம்பளைப் பசங்களைத் திரும்பக் கூப்பிடுங்க. அவங்க தாத்தா ஆடின ஆட்டம் இது. "பொம்பளை ஆட்டம்"னு கிண்டல் பண்றவங்களுக்கு அதைச் சொல்லுங்க.
அஞ்சு: வட்டத்துல ஓரமா ஒரு மெதுவான வரிசை வையுங்க. குண்டா இருக்கிற பிள்ளை, கால் சரியில்லாத பிள்ளை, மூட்டு வலி இருக்கிற பாட்டி எல்லாரும் அதுல நிக்கலாம். சக்கர நாற்காலியில உக்காந்தும் கும்மி தட்டலாம்.
ஆறு: பாடற இடத்தை இளசுகளுக்குக் குடுங்க. பதினேழு வயசுப் பொண்ணு வாத்தியாரா நின்னு பாடினா அவ தோழிங்க முப்பது பேர் தானா வருவாங்க.

26/
ஏழு: வாத்தியாருக்குக் கையில காசு குடுங்க. சால்வையை வெச்சு அரிசி வாங்க முடியாது. பள்ளியில வாரம் ரெண்டு பீரியட் அவருக்குச் சம்பளம் போட்டுக் குடுக்க பெற்றோர் ஆசிரியர் கழகத்தால முடியும். அரசுப் பள்ளிகள்ல கலைத் திருவிழான்னு வருஷா வருஷம் போட்டி நடக்குது, நல்ல விஷயம். ஆனா போட்டிக்கு எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தா மத்தவங்க பார்வையாளர்தான். கும்மிக்குப் பார்வையாளர் தேவையில்லை. வட்டம் எவ்வளவு பெருசானாலும் இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கும்.

27/
தனியார் பள்ளி நடத்தறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் உங்க ஹாஸ்டல் பிள்ளைங்களை மைதானத்துல விடுங்க. உடலுழைப்பு பிள்ளைங்களோட கவனத்துக்கும் மனசுக்கும் நல்லதுன்னு போதுமான ஆராய்ச்சி இருக்கு. ரேங்க் போயிடும்னு பயப்படாதீங்க. பெத்தவங்களே, அட்மிஷன் போடும்போது "எத்தனை பேர் மெடிக்கல் போனாங்க"ன்னு கேக்கற வாயால "மைதானம் எத்தனை மணிக்குத் திறக்கும்"னும் கேளுங்க.

28/
பத்ரப்பன் ஐயா பெண்களைக் கூப்பிட்டப்பவும் "இது வழக்கம் இல்லையே"ன்னு முகம் சுளிச்சவங்க இல்லாமலா இருந்திருப்பாங்க? இன்னைக்கு அந்தப் பெண்கள் இல்லைன்னா வள்ளி கும்மியே இல்லை. இப்ப அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டியது நம்ம முறை. இந்த வருஷம் உங்க ஊர் நோம்பியில கும்மி இருந்தா, வேலிக்கு வெளியில நிக்கிற பிள்ளையைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வாங்க. என்ன சாதின்னு கேக்காதீங்க. எந்தக் கால் முதல்லன்னு மட்டும் சொல்லிக் குடுங்க.